சிறு நிறுவனத்துக்குள் உடனடிச் செய்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து பேர் முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன. அத்தகைய இடங்களில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று தனிப் பிரிவு இருக்காது. எந்தச் செயலியைப் பயன்படுத்துவது, யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது, இரவு பத்து மணிக்கு வந்த செய்திக்கு யார் பதில் சொல்வது என்பவற்றையெல்லாம் உரிமையாளரோ மேலாளரோ, பல இடங்களில் கணக்குப் பார்ப்பவரோதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நான் நெடுங்காலம் சிறிய அலுவலகங்களிலேயே வேலை பார்த்தவன். நல்ல பழக்கங்கள் எவ்வளவு நிம்மதி தருகின்றன என்பதையும், பழக்கம் ஏதும் இல்லாத இடத்தில் நல்ல மனிதர்கள்கூட எப்படி ஒருவர்மேல் ஒருவர் மனத்தாங்கல் கொள்கிறார்கள் என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

உடனடிச் செய்தி என்று எதைச் சொல்கிறீர்கள்? அது அலுவலகத்துக்குப் புதியதா?

எழுதி அனுப்பிய அடுத்த நொடியில் எதிரில் உள்ளவரின் திரையில் தோன்றி, அவர் அங்கேயே பதில் எழுதக்கூடிய எந்த முறையும் உடனடிச் செய்திதான். இது புதியதும் அல்ல. 1988-இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறையை உருவாக்கினார். 1996-இல் ஐசிக்யூ, 1997-இல் ஏஓஎல் இன்ஸ்டன்ட் மெசஞ்சர், 1999-இல் எம்எஸ்என் மெசஞ்சர் ஆகியவை வந்தன. அவை நண்பர்கள் பேசிக்கொள்வதற்காக வந்தவை. வசதியாக இருந்ததால் மக்கள் தாங்களாகவே அவற்றை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

இன்றும் அதே வழியில்தான் நடக்கிறது. ஒரு நாள் யாரோ ஒருவர் விநியோகத் தகவலுக்காக வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குகிறார். ஆறு மாதத்தில் விடுப்பு விண்ணப்பம், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் புகார், வங்கி விவரம் அனைத்தும் அந்தக் குழுவுக்குள் போய்விடுகின்றன. இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கமாட்டார்கள். ஆகவே, பெரும்பாலான நிறுவனங்களுக்கு இதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியே எழுவதில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது என்பதே கேள்வி.

எங்களிடம் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். எங்களுக்கு இது தேவையா?

எட்டுப் பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள் என்றால் அநேகமாகத் தேவையில்லை. தலையைத் திருப்பிக் கேட்டால் முடிகிற விஷயத்தைத் தட்டச்சு செய்வது நேரத்தை மிச்சப்படுத்தாது. ஆனால் ஒருவர் கிடங்கிலும் ஒருவர் வண்டியிலும் இருவர் வீட்டிலும் இருந்து வேலை செய்கிறார்கள் என்றால் நிலைமை வேறு. ஐந்து பேர் உள்ள இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 10. எட்டுப் பேர் என்றால் 28. பன்னிரண்டு பேர் என்றால் 66. ஐந்து பேர் பன்னிரண்டு பேராகும்போது ஆட்கள் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, தொடர்புகளோ ஆறு மடங்குக்கு மேல் பெருகிவிடுகின்றன. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல் போவது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பொதுவான ஓர் இடத்தில் எழுதினால் அனைவரும் ஒரே செய்தியை ஒரே சொற்களில் பார்க்க முடியும் என்பதே இதன் உண்மையான பயன். வேகம் அதற்கு அடுத்ததுதான்.

மின்னஞ்சலும் தொலைபேசியும் இருக்கும்போது எதை எதில் சொல்வது?

இந்தக் கேள்விக்கு நிறுவனம் முழுவதும் ஒரே பதிலைச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் பரிந்துரைக்கும் பிரிவினை எளிமையானது. இன்றோ நாளையோ பயன்பட்டு, அதற்குப் பிறகு யாரும் தேடப்போகாத தகவல்கள் செயலிக்கு உரியவை: வண்டி கிளம்பிவிட்டது, கூட்டம் பதினைந்து நிமிடம் தள்ளிப்போகிறது, மூன்றாம் அலமாரியில் உறைகள் தீர்ந்துவிட்டன. மூன்று மாதம் கழித்தும் யாராவது “அன்று என்ன முடிவு செய்தோம்?” என்று கேட்கக்கூடிய எதுவும் மின்னஞ்சலிலோ, பணிப்பட்டியலிலோ, பொதுக் கோப்பிலோ இருக்க வேண்டும். விலை, அளவு, தேதி, ஒப்புதல், சம்பளம், விடுப்பு ஆகியவை இந்த வகை. பதற்றமான விஷயங்களும், இரண்டு மூன்று முறை எழுதியும் புரியாத விஷயங்களும் தொலைபேசிக்கோ நேர்ப்பேச்சுக்கோ போக வேண்டும். தீ, விபத்து, மின்கசிவு போன்றவற்றுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கவே கூடாது, அழைக்க வேண்டும்.

இந்தப் பிரிவினையை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் பதினோரு பேர் இருந்தோம். ஒரு வாடிக்கையாளர் தம் துண்டறிக்கையில் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றச் சொல்லியிருந்தார். வரவேற்பில் இருந்தவர் மாலை நான்கு மணிக்கு அதைக் குழுவில் எழுதினார். வடிவமைப்பாளர் “சரி” என்று பதில் அளித்தார். அந்த “சரி”க்கு, படித்துவிட்டேன், வீடு போகும் முன் மாற்றுகிறேன் என்று பொருள். வரவேற்பில் இருந்தவரோ, மாற்றியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு உறுதி சொல்லிவிட்டார். அதற்குள் குழுவில் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள் வரத் தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட செய்திகளுக்கு மேலே அந்தத் திருத்தம் போய்விட்டது. இரவுப் பணிக்கு வந்த இயந்திரக்காரர் வாழ்த்துகளை மட்டும் பார்த்துவிட்டு, கோப்புறையில் இருந்த பழைய கோப்பை எடுத்து இரண்டாயிரம் பிரதிகளை அச்சிட்டுவிட்டார். மூவரில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. வேலை உத்தரவுத் தாளில் எழுதப்பட வேண்டிய ஒரு திருத்தம், ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் உரையாடலில் எழுதப்பட்டதுதான் தவறு. அதற்குப் பிறகு திருத்தங்கள் அனைத்தும் வேலை உத்தரவுத் தாளில் ஏறிய பிறகே செல்லும் என்று முடிவானது. “திருத்தம் தாளில் ஏறியது” என்ற தகவலை மட்டும் குழுவில் போட்டோம்.

அப்படியானால் “சரி” என்றும் கட்டைவிரல் குறியென்றும் பதில் போடக் கூடாதா?

போடலாம், ஆனால் அதன் பொருள் என்ன என்று எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும். கட்டைவிரல் குறி என்றால் “படித்துவிட்டேன்” என்று மட்டுமே பொருள், “செய்கிறேன்” என்றால் பொறுப்பு ஏற்றாயிற்று, “முடிந்தது” என்றால் முடிந்தது என்று மூன்று சொற்களை வகுத்துக்கொண்டால் போதும். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாயிரம் துண்டறிக்கைகளைக் குப்பையில் போட்டவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நிறுவனத்துக்கு வெளியே இந்தக் குறி இன்னும் கனமானது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆளிவிதை வாங்கும் நிறுவனம் ஒன்று 2021-இல் ஒப்பந்தத்தின் படத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பி உறுதிப்படுத்தும்படி கேட்டது. விவசாயி கட்டைவிரல் குறியைப் பதிலாக அனுப்பினார். படித்ததைத் தெரிவிக்கவே அதை அனுப்பியதாக அவர் வாதிட்டார். அந்த இருவருக்கும் இடையே முன்பு நடந்த பரிவர்த்தனைகளைக் கருத்தில் கொண்டு, அது ஒப்புதலே என்று நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்து, 82,000 கனடிய டாலருக்கும் அதிகமான இழப்பீட்டை விதித்தது. வாடிக்கையாளரிடமும் சரக்கு தருபவரிடமும் பேசும் ஊழியர்கள் இந்த ஒரு வழக்கையாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம்? எல்லோரிடமும் இருக்கும் வாட்ஸ்அப் போதாதா?

நான்கைந்து பேர் உள்ள இடத்தில் போதும். கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, செலவில்லை, கைபேசி இருந்தால் போதும். 2016 முதல் அதில் செய்திகள் இருமுனைக் குறியாக்கத்துடன் செல்கின்றன. அதாவது அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர, நடுவில் சேவையை நடத்தும் நிறுவனமும் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. ஆனால் அதன் குறைகளையும் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். குழு ஊழியர்களின் சொந்த எண்களின்மேல் நிற்கிறது. ஒவ்வொருவரின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரிகிறது. புதிதாகச் சேர்ந்து, தன் எண்ணைப் பகிர விரும்பாத ஒரு பெண் ஊழியருக்கு இது சிறிய விஷயம் இல்லை. வேலைச் செய்திக்கும் வீட்டுச் செய்திக்கும் இடையே சுவர் கிடையாது. விலகிப்போனவரின் கைபேசியில் பழைய செய்திகள் அப்படியே இருக்கும். வரைபடத்தையோ வடிவமைப்பையோ சாதாரணப் படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும் என்பதை எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

பத்துப் பேருக்கு மேல் போகும்போது அலுவலகத்துக்கென்றே உருவான ஒன்றுக்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் சாட், ஜோஹோ கிளிக் ஆகியவை அந்த வகை. இவற்றில் கணக்கு நிறுவனத்துடையது; ஊழியரின் சொந்த எண் தேவையில்லை; ஒருவர் விலகினால் ஒரே சொடுக்கில் அவரது நுழைவை நிறுத்தலாம்; புதிதாகச் சேர்ந்தவர் பழைய உரையாடலைப் படித்து வேலையைப் புரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே மின்னஞ்சலுக்காக மைக்ரோசாஃப்டுக்கோ கூகுளுக்கோ பணம் கட்டுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே செய்திச் சேவையும் இருக்கும். தனியாக ஒன்றை வாங்கும் முன் அதைப் பாருங்கள். இலவசத் திட்டங்களின் வரம்பையும் படியுங்கள். எடுத்துக்காட்டாக, ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடிகிறது. செய்திகளைச் சொந்த சேவையகத்தில், அதாவது சேவையை இயக்கும் தங்கள் சொந்தக் கணினியில், வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், சூலிப் போன்றவை உண்டு. ஆனால் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் நிலையாக உங்களிடம் இருந்தால் மட்டுமே அந்த வழியில் போங்கள். அவர் விலகிய மறுநாளே சேவையகம் அனாதையாகிவிடும்.

டெலிகிராமைப் பற்றி ஒரு குறிப்பு. அதில் தனி ஒருவருடன் தொடங்கும் ரகசிய உரையாடலுக்கு மட்டுமே இருமுனைக் குறியாக்கம் உண்டு. சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் இல்லை. பாதுகாப்பானது என்று கேள்விப்பட்டு அதில் சேருபவர்கள் பலருக்கு இது தெரியாது.

எத்தனை குழுக்கள் வைத்துக்கொள்ளலாம்?

முதலில் மூன்று போதும்: அனைவருக்குமான அறிவிப்பு, அன்றாட வேலை, வேலைக்கு வெளியேயான பேச்சு. மூன்றாவதை வீண் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். வாழ்த்துக்கும் சிரிப்புக்கும் ஓர் இடம் கொடுத்தால்தான் அவை வேலைக் குழுவுக்குள் வராது. அறிவிப்புக் குழுவில் நிர்வாகி மட்டுமே எழுதும்படி அமைத்துவிடுங்கள். விடுமுறை நாள், நேர மாற்றம் போன்றவை பதில்களுக்கு நடுவே தொலைந்துபோகாமல் இருக்கும். அதற்கு மேல் குழு தேவைப்பட்டால் ஆட்களை வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரியுங்கள். ஒரு வேலை முடிந்ததும் அதன் குழுவையும் மூடிவிடுங்கள். நிர்வாகிகள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும்.

ஒரு வேலைச் செய்தி எப்படி இருக்க வேண்டும்?

நாம் எல்லோரும் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். “சார்” என்று ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டு, அவர் “சொல்லுங்க” என்று கேட்கும்வரை காத்திருக்கிறோம். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறோம். நேரில் பேசும்போது அது மரியாதையும்கூட. திரையிலோ அது பெறுபவரைச் சங்கடத்தில் விடுகிறது. கூட்டத்தில் இருக்கும் அவருக்கு “சார்” என்ற அறிவிப்பு மட்டும் தெரிகிறது. ஐந்து நிமிட வேலையா, பெரிய சிக்கலா, விடுப்புக் கேட்கிறாரா என்று எதுவும் தெரியாது. அவர் ஒரு மணி நேரம் கழித்து “சொல்லுங்க” என்று எழுதும்போது அனுப்பியவர் வேறு வேலையில் இருப்பார். ஒரு கேள்விக்கு அரை நாள் போய்விடும்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம் சார். நாளை காலை போக வேண்டிய 40 பெட்டிகளில் 6 பெட்டிகள் நனைந்திருக்கின்றன. மீதி 34 பெட்டிகளை மட்டும் அனுப்பலாமா, அல்லது மாற்றுப் பெட்டி வரும்வரை நிறுத்தவா? வண்டிக்காரருக்கு மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.” மரியாதை குறையவில்லை. என்ன நடந்தது, என்ன தேர்வுகள் உள்ளன, எப்போதுக்குள் பதில் வேண்டும் என்ற மூன்றும் ஒரே செய்தியில் இருக்கின்றன. படிப்பவர் “34 அனுப்புங்கள்” என்று இரண்டு சொற்களில் முடித்துவிடலாம். ஒரு வாக்கியத்தை ஐந்து துண்டாக்கி அனுப்பி ஐந்து முறை கைபேசியை ஒலிக்கச் செய்வதையும் தவிர்க்க வேண்டும். குழுவில் எழுதும்போது யாரிடமிருந்து பதில் வேண்டுமோ அவரது பெயரைக் குறித்துவிடுங்கள். பொதுவாகக் கேட்ட கேள்விக்கு ஒவ்வொருவரும் மற்றவர் பதில் சொல்வார் என்றே இருந்துவிடுவார்கள். முந்தைய செய்தி ஒன்றுக்குப் பதில் அளிக்கும்போது அதையே தேர்ந்தெடுத்துப் பதில் எழுதினால், நடுவில் நுழைந்த பேச்சுகளால் குழப்பம் வராது.

குரல் பதிவு அனுப்பலாமா?

வண்டியிலோ இயந்திரத்தின் அருகிலோ இருப்பவருக்கும், தட்டச்சு செய்யச் சிரமப்படுபவருக்கும் குரல் பதிவு பெரிய உதவி. அதைத் தடை செய்வது நியாயமில்லை. எழுத்து சரளமாக வராத, ஆனால் தொழிலை ஆழமாக அறிந்த மூத்த பணியாளர் ஒருவரின் அறிவு குழுவுக்குள் வருவதற்கு அதுவே வழியாகவும் இருக்கலாம். ஆனால் குரலைத் தேட முடியாது, கூட்டத்தில் இருப்பவர் கேட்க முடியாது, நான்கு நிமிடப் பதிவில் இருக்கும் ஒரே ஓர் எண்ணுக்காக முழுவதையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிப்பது, எண்ணும் தேதியும் இருந்தால் அதை மட்டும் கீழே எழுத்தில் சேர்ப்பது என்ற இரண்டு பழக்கங்கள் போதும். எழுத முடியாதவருக்காகப் பதிவைக் கேட்டவர் எழுதிச் சேர்க்கலாம்.

எவ்வளவு நேரத்துக்குள் பதில் அளிக்க வேண்டும்? நீல டிக் வந்தும் பதில் இல்லையே?

நீல டிக் செய்தி திறக்கப்பட்டது என்பதைத்தான் காட்டுகிறது; யோசித்தாயிற்று என்பதையோ, கைவேலை முடிந்தது என்பதையோ காட்டாது. இந்த ஒரு புரிதல் இல்லாமல் எத்தனையோ வருத்தங்கள் உருவாகின்றன. சாதாரணச் செய்திக்கு அன்றைய வேலை நேரம் முடிவதற்குள் பதில், பெயர் குறித்த செய்திக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பதில், அதைவிட அவசரம் என்றால் அழைப்பு என்று ஒரு வரம்பை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எண்கள் உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாறலாம், சொல்லப்பட்டிருப்பதுதான் முக்கியம்.

வரம்பு இருந்தால் கவனச் சிதறலும் குறைகிறது. கணக்கு சரிபார்ப்பவரும் வடிவமைப்பவரும் ஒரு மணி நேரம் தொடர்ந்து சிந்தித்தால்தான் வேலை நகரும். இரண்டு மணி நேரம் அவகாசம் உண்டு என்று அறிந்தால் அவர்கள் துணிந்து அறிவிப்புகளை அணைத்து வைப்பார்கள். உரிமையாளரே காலையில் ஒரு மணி நேரம் தமது நிலையை “கவனப் பணியில்” என்று மாற்றி வைத்தால், மற்றவர்கள் அதைச் செய்யத் தயங்கமாட்டார்கள்.

வேலை நேரத்துக்குப் பிறகு செய்தி அனுப்பலாமா?

இதில் என் நிலைப்பாடு உறுதியானது: அனுப்பாதீர்கள். “இப்போது பார்க்க வேண்டாம், காலையில் பார்த்தால் போதும்” என்று சேர்த்து அனுப்புவதும் உதவாது, ஏனென்றால் சம்பளம் தருபவரின் பெயர் இரவு பத்தரை மணிக்குத் திரையில் தோன்றினால் அதைப் பார்க்காமல் உறங்கப்போகிறவர்கள் மிகக் குறைவு. யோசனை மறந்துபோகும் என்ற கவலை இருந்தால், ஸ்லாக், டீம்ஸ் போன்றவற்றில் உள்ள நேரம் குறித்து அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி இல்லாத செயலியில் தனக்குத் தானே செய்தி எழுதி வைத்துக் காலையில் அனுப்புங்கள்.

சில நாடுகளில் இது சட்டமாகவே வந்துவிட்டது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்கள் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பற்றி ஊழியர் தரப்புடன் பேச வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்த உரிமை 2024 ஆகஸ்ட் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினைந்து பேருக்கும் குறைவாக உள்ள சிறு நிறுவனங்களுக்கும் சரியாக ஓராண்டு கழித்து நீட்டிக்கப்பட்டது. நியாயமற்ற மறுப்பாக இல்லாதவரை, வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் படிக்காமல் இருக்க அங்கே ஊழியருக்கு உரிமை உண்டு. இரவிலும் ஆள் தேவைப்படும் தொழில் என்றால், யார் எந்த இரவில் பொறுப்பு என்று முறை வைத்து, அந்த நேரத்துக்கும் ஊதியம் கொடுப்பதே நேர்மையான வழி.

குழுவில் ஒருவரின் தவறைச் சுட்டிக்காட்டலாமா?

வேலையில் நேர்ந்த பிழையைச் சொல்லலாம். மனிதரைக் கண்டிக்கக் கூடாது. “34-க்குப் பதிலாக 40 என்று பில் போயிருக்கிறது, திருத்த வேண்டும்” என்பது தகவல். “உங்களுக்கு எத்தனை முறை சொல்வது?” என்பது பதினைந்து பேர் முன்னால் நடக்கும் அவமதிப்பு. எழுத்தில் குரலின் கனிவு தெரியாது. நேரில் சொன்னால் பத்து நிமிடத்தில் மறந்துபோகக்கூடிய சொல், குழுவில் மேலே தள்ளிப் பார்க்கும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். கோபத்தில் எழுதிய செய்தியை அனுப்பும் முன் அழைத்துப் பேசுங்கள். மாறாக, பாராட்டைக் குழுவிலேயே சொல்லுங்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

குறியாக்கம் நன்றாக இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. சிறு நிறுவனங்களில் இழப்பு நேர்வது பெரும்பாலும் மனிதரை ஏமாற்றுவதன் வழியாகத்தான். புதிய எண்ணிலிருந்து, உரிமையாளரின் முகப்படத்துடன், “கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம், இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புங்கள்” என்று கணக்காளருக்கு ஒரு செய்தி வரும். “அழைக்க வேண்டாம்”, “உடனே” என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் அதையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். பணம் அனுப்புவது, வங்கிக் கணக்கை மாற்றுவது ஆகிய இரண்டும் செய்தியின் பேரில் மட்டும் ஒருபோதும் நடக்காது, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே நடக்கும் என்று விதி வையுங்கள். சரிபார்த்ததற்காக ஒருவரையும் கடிந்துகொள்ளமாட்டோம் என்று உரிமையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத இடத்தில் ஊழியர் பயந்து பணத்தை அனுப்பிவிடுவார்.

இதனுடன், உள்நுழையும்போது இரண்டாவதாக ஒரு ரகசிய அடையாளத்தையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை எல்லோரும் இயக்க வேண்டும். உள்நுழைவதற்காகக் கைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் தரக் கூடாது. கைபேசிக்குத் திரைப்பூட்டு இருக்க வேண்டும். கடவுச்சொல்லை உரையாடலில் எழுதக் கூடாது. வாட்ஸ்அப்பில் காப்புப் பிரதிக்கான குறியாக்கம் தானாக வராது. அமைப்புகளுக்குள் சென்று இயக்க வேண்டும். பொதுக் கணினியில் திறந்த உரையாடல் திறந்தபடியே இருக்கிறதா என்று இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஊழியர்களின் செய்திகளை உரிமையாளர் படிக்கலாமா? எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

நிறுவனத்தின் கணக்கில் நடக்கும் உரையாடலை எந்தச் சூழ்நிலையில், யார் பார்க்கக்கூடும் என்பதை எழுத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பார்ப்பது பல நாடுகளில் சட்டச் சிக்கலாகும். எல்லா இடங்களிலும் அது நம்பிக்கையைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன்னைப் பற்றிய தரவுகளின் நகலை ஒருவர் கேட்டுப் பெறலாம். அலுவலக உரையாடல்களில் அவரைப் பற்றி எழுதப்பட்டவையும் அதில் அடங்கக்கூடும். ஆகவே இல்லாத ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவரே படித்தால் வெட்கப்படாத சொற்களில் எழுதுவது நல்லது.

காலம் தொழிலைப் பொறுத்தது. பதிவுகளை வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்தும் துறைகளில் விளையாட்டுக் கூடாது. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 16 நிதி நிறுவனங்களுக்குச் சேர்த்து 110 கோடி டாலருக்கும் அதிகமான அபராதம் விதித்தது. ஊழியர்கள் சொந்தக் கைபேசியின் செய்திச் செயலிகளில் தொழில் விவகாரங்களைப் பேசியதும், அந்தச் செய்திகள் பாதுகாக்கப்படாததும்தான் குற்றம். உங்கள் துறையின் விதியைக் கணக்குத் தணிக்கையாளரிடமோ வழக்குரைஞரிடமோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, தானாக மறையும் செய்தி வசதியை வேலைக் குழுக்களில் அணைத்து வையுங்கள்.

ஒரு ஊழியர் விலகும்போது என்ன செய்வது?

கடைசி நாளிலேயே எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்குங்கள். விடைபெறும் வார்த்தையை எழுத அவகாசம் கொடுத்த பிறகு நீக்குவது மரியாதை. அவர் எந்தெந்தக் குழுக்களில் நிர்வாகி என்று பார்த்து வேறொருவருக்கு மாற்றுங்கள். அவருடைய தனி உரையாடல்களில் மட்டும் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களை வாங்கிப் பொதுக் கோப்பில் சேர்ப்பதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். இந்தக் கடைசி வேலைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

செயலி முடங்கினால் அல்லது மூடப்பட்டால்?

இரண்டும் நடந்திருக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பின்போது நேர்ந்த ஒரு தவறால் அந்த நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதும் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. அதன் சொந்த உள் தொடர்புக் கருவிகளும் வேலை செய்யவில்லை. அத்தகைய நாளுக்கென்று எல்லோரின் தொலைபேசி எண்களும் அடங்கிய ஒரு தாள் அச்சிட்டு, அலுவலகச் சுவரில் ஒட்டாமல் பூட்டிய இழுப்பறையில் இருக்கட்டும். இரண்டாவது வழி எது என்பதும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

மூடப்படுவதும் அபூர்வமில்லை. ஏஓஎல் இன்ஸ்டன்ட் மெசஞ்சர் 2017 டிசம்பரிலும், யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும், ஐசிக்யூ 2024 ஜூனிலும், ஸ்கைப் 2025 மேயிலும் நிறுத்தப்பட்டன. ஒரு காலத்தில் இவை இல்லாமல் அலுவலகம் நடக்காது என்று எண்ணியவர்கள் பலர். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போதே உரையாடலை வெளியே எடுத்துச் சேமிக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். காலாண்டுக்கு ஒருமுறை எடுத்தும் வையுங்கள்.

ஏற்கெனவே குழப்பமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்: எந்த வகைச் செய்திகள் வருகின்றன, எவற்றுக்குப் பதில் வரவில்லை, எதைத் தேடி நேரம் வீணாகிறது. பிறகு அனைவரையும் அரை மணி நேரம் உட்காரவைத்து, அவர்களையே பேசவிடுங்கள். இரவுச் செய்தியால் தூக்கம் கெட்டவர் யார் என்று அப்போதுதான் தெரியவரும். அந்தப் பேச்சிலிருந்து ஒரே பக்கத்தில் விதிகளை எழுதுங்கள்: எது எந்த இடத்தில், பதிலுக்கு எவ்வளவு நேரம், எப்போது அழைப்பு, பணம் பற்றிய விதி, வேலை நேர எல்லை. அந்தப் பக்கத்தை அறிவிப்புக் குழுவின் உச்சியில் பின் செய்து வையுங்கள். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளிலேயே ஒருவர் அருகில் அமர்ந்து விளக்கட்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் அதே அரை மணி நேரம் உட்கார்ந்து, யாரும் பின்பற்றாத விதி எது என்று பாருங்கள். அந்த விதி தவறாக எழுதப்பட்டிருக்கலாம், அல்லது அதை முதலில் மீறியவர் உரிமையாளராகவே இருக்கலாம்.